பத்து விநாடி கலக்கவும்

நரம்பு செல்களுக்குள் சில புரதங்கள் வாராத தலைமுடி மாதிரி சிக்கிக்கொள்ளும். சில மறதி நோய்கள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. அந்தச் சிக்கை அவிழ்க்கும் ஒரு நொதியை அவள் கண்டுபிடித்தாள். ஆய்வகத்தில் அவளுக்குச் 'சிக்கக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. கட்டுரை வெளியானதும் பாராட்டுக்குக் குறைவில்லை. பின்னாலேயே வந்தது வினை. வேறொரு நகரத்து ஆய்வகம் அவள் எழுதிய முறைப்படியே மூன்று தடவை செய்துபார்த்து, ஒரு சிக்கும் அவிழவில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம்மா" என்றார் பேராசிரியர், கடிதம் வந்து ஒரு மாதம் ஆனபோது.

ஆறு வருட உழைப்பு. அது போனால்கூடப் பரவாயில்லை, பொய்க் கணக்கு காட்டினவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் எந்த ஆய்வகம் கதவைத் திறக்கும்?

வியாழக்கிழமை காலை, எதிர்த்தரப்பு ஆய்வாளரை வீடியோவில் வரவழைத்து, அவர் பார்க்கவே முதலிலிருந்து செய்தாள். உப்புக் கரைசல், நொதி, அளவு, சூடு எல்லாம் சரி. பிறகு குழாயை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினாள்.

"மேடம், ஒரு நிமிஷம். என்ன பண்றீங்க?"

"கலக்குறேன். பத்து விநாடி. கட்டுரையில இருக்கே."

"இதுவா கலக்குறது? நாங்க குலுக்கற மெஷின்ல வெச்சோம்!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் எல்லா ஆய்வகத்திலும் 'கலக்கவும்' என்றால் மெஷின்தான். இவர்கள் மெஷின் ரிப்பேராகி மூன்று வருடமாக மூலையில் தூங்குகிறது. அதைச் சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை. கையால் உருட்டியே பழகிப்போனதால் அதை எழுதவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. முட்டை வெள்ளைக்கருவை அடித்தால் நுரைத்துக் கெட்டியாகிவிடும் அல்லவா, அவளுடைய நொதிக்கும் மெஷினில் அந்தக் கதிதான். அவிழ்க்கப் போனது தானே சிக்கிக் கிடந்திருக்கிறது.

"இப்போ உருட்டிப் பாக்கறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அவிழ்ந்துடுச்சு மேடம். மூணு குழாயிலயும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேராசிரியர் அறைக்கு ஓடினாள். அவர் கணினியில் வாபஸ் கடிதம் பாதி தட்டச்சாகி நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அதை அழித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிடும்மா. நான் உன்னை நம்பல."

"பரவாயில்ல சார்" என்றாள். "இந்த ஒரு மாசமா நானே என்னை நம்பல."