மாடிக்குப் போன சூப்

மாடிக்கு அனுப்பிய தட்டு மூன்றாவது நாளும் அப்படியே திரும்பி வந்தது. இட்லியில் விரல் பட்ட தடம்கூட இல்லை. ரேணுகாம்பாளுக்குக் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. துணியை நனைத்துவிட்டு சோப்புப் போட மறந்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அவர்கள் வீட்டு மாடிக்கு, மூன்று வருஷமாக மார்கழி பிறந்தால் பவுலா வந்துவிடுவாள். இத்தாலிக்காரி. ரேணுகாம்பாள் வயதுதான் இருக்கும். இந்தத் தடவை, தொண்ணூற்றேழில் வந்தபோது, நாற்பது நாள் மௌனம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பதினான்காம் நாள் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை உள்ளே போயிற்று, சோறுதான் போகவில்லை.

"விரதம் இருக்கறவங்கள நாம என்னா பண்ண முடியும்? வுடு ரேணுகா," என்றார் கணவர் பரசுராமன், வேங்கிக்கால் ஆபீசுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே.

"விரதம் பேச்சுக்குத்தாங்க, வயித்துக்கு இல்ல. நம்ம வூட்ல ஒருத்தி பட்டினி கெடக்கறா, நீங்க பாட்டுக்குப் போறீங்க!"

அவர் தெருமுனை திரும்புமுன் அவள் மாடியேறிவிட்டாள்.

"என்னாதான் சாப்புடுவ நீ? பேச வேணாம், எழுதிக் காட்டு."

பவுலா நோட்டை இழுத்துப் படம் போட்டாள். கேரட், உருளைக்கிழங்கு, கோஸ், தக்காளி, வெங்காயம், பூண்டு. அப்புறம் ஏதோ பயறு. காராமணியாக இருக்கும் என்று ரேணுகாம்பாள் எடுத்துக்கொண்டாள். குட்டிக் குட்டியாகச் சில குழாய்கள். கடைசியில் ஒரு மிளகாய், அதன்மேல் இரண்டு குறுக்குக் கோடு. எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெரிய பானை.

மளிகைக் கடையில் குழாய் மாதிரி சேமியா இல்லை, சாதா சேமியாதான் கிடைத்தது. காராமணி குக்கரில் ஏறியது. வெங்காயம், பூண்டை எண்ணெயில் வதக்கும்வரை பழகிய வேலை. காயைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் பிடிமானம் போய்விட்டது. புளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது, தாளிப்பு கிடையாது. கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டாள். மறுபடியும் போயிற்று. பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். ருசி பார்க்கலாமென்றால், எந்த ருசிக்கு வர வேண்டும் என்று தெரிந்தால்தானே? நோய்க்காரிக்கு உப்பு ஆகாது என்று ஒரு சிட்டிகையோடு நிறுத்தினாள். நடுவில் இரண்டு தரம் மாடிக்கு ஓடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணியாக ஓடினால் தெம்பு ஏது என்று பாதிக் காராமணியை மசித்துக் கலந்ததும் கூழ் பதத்துக்குத் திரண்டது.

பவுலா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"உப்பு," என்றாள் பவுலா.

குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஐயையோ, பேசிட்டியே! பதினேழு நாளு! என்னாலதான் கெட்டுது!"

பவுலா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். கிண்ணத்தை நீட்டி, "ரேணுகா, உப்பு ஜாஸ்தி வேணும்," என்றாள்.

உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் ரேணுகாம்பாள். பவுலா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சாயங்காலம்வரை தூங்கினாள்.

மிச்சத்தைப் பரசுராமன் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார். "உன்னால அந்தம்மா விரதம் போச்சாமே?"

"போச்சு," என்றாள். வருத்தமாகச் சொல்லத்தான் பார்த்தாள், வரவில்லை.

மறுநாள் பவுலா தானே கீழே இறங்கி வந்து, திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணப் போவதாகச் சொன்னாள். அதற்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் இரண்டு பெண்களும் சமையலறையில் உட்கார்ந்து, தெரிந்த தமிழிலும் தெரியாத இத்தாலியனிலும் பேசித் தீர்த்தார்கள்.