கடைசி ரத்தப் பரிசோதனை

மெஷின் முடிவைச் சொல்ல இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. அதற்குள் டெக்னீஷியன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டான். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஆய்வகத்தில் குப்பை அள்ளும் அக்காவின் ரத்தம். ஆறு மாதத்துக்கு முன் அவள் குப்பைப் பையைக் கட்டும்போது யாரோ அதற்குள் போட்டிருந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. எந்த நோயாளியின் ரத்தம் எடுத்த ஊசியோ, யாருக்குத் தெரியும்? நோய்க் கிருமி ஏதும் தொற்றியிருக்கிறதா என்று அவனே இரண்டு தடவை பார்த்ததில் ஒன்றுமில்லை. இது கடைசித் தடவை. இதிலும் தப்பித்தால்தான் அவள் தப்பித்த மாதிரி.

அந்த யாரோ தான்தான் என்பது டெக்னீஷியனுக்கு மட்டும் தெரியும். ஊசிப் பெட்டி அறையின் அந்தக் கோடியில் இருந்தது. ரத்தம் கொடுக்க வந்த கூட்டமோ கழுத்தை நெரித்தது. ஒவ்வொரு ஊசிக்கும் பத்தடி யார் நடப்பது என்று மூடியைத் திரும்ப மாட்டி, காலடியில் இருந்த காகிதக் குப்பைப் பையில் போட்டுவிடுவான். மூடிதான் இருக்கிறதே, என்ன ஆகிவிடப் போகிறது? மூடி கழன்றுவிட்டது, வேறென்ன ஆகும்!

பக்கத்து அறையில் அக்கா உட்பட ஊழியர்களுக்கு டாக்டரின் மாதாந்திர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எந்தக் கழிவு எந்த நிறப் பையில் என்று அவர் தொண்டை வற்றச் சொல்வார், இவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதில் நம்ம ஆளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

காகிதம் வெளியே வந்தது. விரல் வைத்து ஒரு வரி விடாமல் படித்தான். ஒன்றுமில்லை! இன்னொரு தரம் படித்தான். அப்போதும் ஒன்றுமில்லை. தலைகால் புரியாமல் வகுப்புக்குள் ஓடினான்.

“அக்கா, ஒண்ணுமே இல்லக்கா! இனிமே பயமே இல்ல!”

ஒருவர் ரிப்போர்ட்டை ஊரறியச் சொல்லக் கூடாது என்ற விதியெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம்? டாக்டரே கைதட்டினார். வரவேற்பில் இருக்கும் பெண் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஆறு மாதமாக அவன் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

“அந்த ஊசியைப் போட்டது நான்தான்க்கா.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரியும் தம்பி. அன்னைக்கு நான் கத்தினதும் எல்லாரும் என் கையைப் பார்த்தாங்க. நீங்க மட்டும் அந்தப் பையைப் பார்த்தீங்க.”

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார்.

“சொல்லியிருந்தா அன்னைக்கே இவரை வேலையை விட்டு அனுப்பியிருப்பீங்க,” என்றாள் அக்கா. “அப்புறம் என் ரத்தத்தை இப்படிப் பயந்து பயந்து யாரு பார்த்திருப்பா?”