மூன்றாவது விநாடியில் ஒரு இருமல்

1.

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம்.

முதல் தொடக்கம்: 'பாலாற்றுக் காற்று இதமாக வீசிய ஒரு காலையில்...' வேண்டாம். தோல் கழிவு நாறும் அந்த ஆற்றை அறிந்த எங்கள் ஆம்பூர்க்காரர் எவரும் நம்பமாட்டார்.

இரண்டாவது: பழைய ஸ்டூடியோக்களில் ஆள் உயர எஃகுத் தகடு ஒன்று தொங்கும். பாடுகிற குரல் அதில் அதிர்ந்து, பெரிய மண்டபத்தில் பாடியதுபோல முழங்கி அடங்கும். அந்த முழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. தகட்டை ஒருமுறை தட்டி, அதிர்வு அடங்கும்வரை பதிவுசெய்ய வேண்டும். பிறகு எந்தக் குரலோடும் அதை ஒட்டலாம். பதிவின்போது அறையில் யாரும் சத்தம் போடக் கூடாது.

2.

வேலூரில் மூடப்போகிற ஸ்டூடியோ ஒன்றில் தகடு தொய்ந்து கிடந்தது. எங்கள் தெரு அன்பரசன் அண்ணனைக் கூட்டிப்போனேன். தோல் தொழிற்சாலையில் ஈரத்தோலைச் சட்டத்தில் கிளிப் மாட்டி, இழுத்துக் காயவைப்பவர். (சர்ச் பாடகர் குழுவில் நல்ல குரல் அவருடையதுதான். இதை அடைப்புக்குறிக்குள் தள்ளியதைக் கவனியுங்கள். அன்றும் அப்படித்தான் செய்தேன்.)

"ஒரு மூலைய இழுத்தா உடனே எதிர்மூலையயும் இழுக்கணும்பா. இல்லாட்டி கோணிக்கும்," என்றார்.

அப்படியே இழுத்தார். நாலாவது பதிவு அற்புதமாக வந்தது. ஆனால் மூன்றாவது விநாடியில் இருமிவிட்டார். தோல் தொழிற்சாலை வேலை அவருக்குக் கொடுத்த இருமல்.

"கம்முனு இருண்ணா," என்றேன்.

ஐந்தாவது பதிவுக்கு முன் மூலைக் கொக்கி அறுந்தது. அடுத்த வாரம் தகடு காயலான் கடைக்குப் போனது. மார்ச் மாதம், ஆஸ்பத்திரியில், அண்ணன்... இந்த வாக்கியத்தை நாலு முறை எழுதி அடித்தேன். அண்ணன் செத்துப்போனார்.

3.

மிஞ்சிய அந்த நாலாவது பதிவைத்தான் மென்பொருளில் வைத்தேன். இப்போது அதன் வழியே யார் எதைப் பாடினாலும், ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று விநாடி கழித்து அண்ணன் இருமுகிறார். அழிக்காமல் விட்டால் நல்ல நினைவுச்சின்னம் என்று நினைத்தேன். ஹெலன் அண்ணி கேட்டு அழுவார், கதை முடியும். அப்படித்தான் வரைவில் இருந்தது.

அண்ணி அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"இத்த பத்து வருஷமா வீட்லயே கேட்டேனே தம்பி. பாட்டு எங்க?"

"பாட்டு எடுக்கல அண்ணி."

"போன்ல இருக்கிறதெல்லாம் கோரஸ்தான், டிரம்மு சத்தம் வேற. அவர் தனியா ஒண்ணுத்திலயும் இல்ல. நீ அவ்ளோ மெஷின் வெச்சிருந்தியே."

நான் ஹெட்போன் வயரைச் சுருட்டினேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. தம்பி ஒருவாட்டியாவது பாடச் சொல்லுவான்னு பாத்தேன், சொல்லலன்னு."

4.

முடிவு ஒன்று: இருமலை வெட்டுகிறேன். முழக்கம் சுத்தமாகும். அண்ணன் எங்கும் இருக்கமாட்டார்.

முடிவு இரண்டு: விட்டுவைக்கிறேன். யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, இதென்ன பேஜார் என்று திட்டுவார்.

அண்ணியையே கேட்டேன். "உன் இஷ்டம்," என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். இந்த முறை ஹெட்போனைக் கழற்றவில்லை.

அழிக்கும் பொத்தான்மேல் என் விரல் இருக்கிறது. அழுத்தவா, வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள். மூன்று விநாடி பொறுத்துச் சொல்லுங்கள்.