பதினோரு ஓட்டை

சான் க்ளோது ஊரில் புகைக்குழாய் பிடிக்காதவனுக்கு ரொட்டி கிடைக்கும், வேலை கிடைக்கும், பெண் மட்டும் கிடைக்காது. ஊரே குழாய் செய்து பிழைக்கிறது. பிடிக்காதவன் ஊர்ச் சோற்றில் மண்ணைப் போடுகிறவன் என்பது அவர்கள் கட்சி. தபால் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த கஸ்பாருக்கோ புகை என்றாலே இருமல். ஆனால் ஓதில் என்கிற உள்ளூர்ப் பெண் மேல் உயிரையே வைத்துவிட்டான். அவள் அப்பா அந்தெல்ம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க தம்பி. உங்க பைப்பையும் எடுத்துட்டு வாங்க. பைப்பப் பாத்தா ஆளைச் சொல்லிடுவேன்."

கஸ்பார் குழாய்க் கடைக்கு ஓடினான். கடைக்காரம்மா இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று சாயம் பூசாத வெறும் கட்டை; குழாய் கடைந்த வேரின் வரிகள் அப்படியே தெரிந்தன. இன்னொன்று கத்தரிக்காய் போலப் பளபளத்தது.

"மொதல் தடவ வாங்குறீங்க. வெறுங்கட்டையா எடுங்க தம்பி. ஒளிக்க ஒண்ணுமில்லாத மரத்துக்குத்தான் சாயம் பூசாம விடுவாங்க."

விற்காத சரக்கைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று கஸ்பார் உள்ளூரச் சிரித்துக்கொண்டான். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கிற கண்ணாக்கும் இது! இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் அரை மணி நேரம் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, பளபளப்பானதையே வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தெல்ம் கறித்தட்டை ஒதுக்கிவிட்டுக் குழாயைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் தடவினார். ஜன்னலோரம் போய் நகத்தால் சுரண்டினார்.

"பதினொண்ணு," என்றார்.

"என்னதுய்யா?"

"ஓட்டை. வேர்ல மண்ணு இருந்த பள்ளம். பசைய வச்சு அடைச்சு, மேல சாயம் பூசியிருக்கு."

ஓதில் முகத்தை மூடிக்கொண்டாள். "எங்கப்பா ஃபாக்டரில என்ன வேலை செய்றார்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்று கிசுகிசுத்தாள். "அந்த ஓட்டைய அடைக்கிறதே அவர்தான்!"

பாம்பின் கால் பாம்பறியும். போச்சு, எல்லாம் போச்சு. கஸ்பார் வாயில் சமயத்துக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"மன்னிச்சிருங்கய்யா. சாயம் பூசாத ஒண்ணும் காட்டினாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அரை மணி நேரம் பாத்தேன். இதுல ஒரு குறையும் என் கண்ணுக்குத் தெரியல. இதுதான் ஒசத்தின்னு நெனச்சுட்டேன்."

"நல்ல வெளிச்சத்துலயா பாத்தீங்க?"

"வெயில்லய்யா."

அந்தெல்ம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷம். கடைசல்காரனைப் புகழ்வார்கள், மெருகு போடுகிறவனைப் புகழ்வார்கள். ஓட்டை அடைக்கிறவன் வேலை நன்றாக இருந்தால் யார் கண்ணிலும் படாது, பட்டால் திட்டுதான். பாவம், ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கியே மனுஷனுக்குத் தலை நரைத்துவிட்டது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க," என்று மூக்கை உறிஞ்சினார். "நான் பதினொண்ணு மறைச்சிருக்கேன்!"

"அப்பா, இவருக்குப் பைப்பு பாக்கத் தெரியலைன்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"வாய மூடு. மாப்பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுங்கறதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் நீ சொல்லிக்க. இப்ப அவருக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வை."