பதினைந்து மில்லிமீட்டர்

“அப்பா, நம்ம காரு ஏன் கால உள்ள மடக்கிக்கிட்டு நிக்குது?” என்று அபிநயா கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. கார் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அழகேசன் குனிந்து பார்த்தார். உண்மைதான். புது இடத்தில் நாற்காலி நுனியில் உட்காரும் விருந்தாளியைப் போல, சக்கரங்களை உள்ளே ஒடுக்கிக்கொண்டு அந்தச் சின்னக் கார் கூச்சத்தோடு நின்றது. பதினைந்து வருடம் கழித்து, வளைகாப்பு முடிந்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டிய வாரத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஓட்டிக்கொண்டு போய் அலாய் வீல் கடை வாசலில் காரை நிறுத்தினார்.

கடைக்காரர் அறிவரசன் ஒரு வீலைத் திருப்பி, உட்புறம் இருந்த எண்ணைக் காட்டினார்.

“இதாங்க ஆஃப்செட். உங்க வண்டிக்கு நாப்பத்தஞ்சு. நம்பர் கொறையக் கொறைய வீலு வெளிய தள்ளும்.”

“முப்பது போடு தம்பி. கொஞ்சம் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கட்டும்.”

“பதினஞ்சு மில்லிமீட்டர் சார். கேக்க கொஞ்சமா இருக்கும். பின்னாடி ஆளு ஏறி வண்டி அமுங்குச்சுன்னா டயரு பாடியில ஒரசும்.”

“யாரு ஏறப்போறா? நானு, எம்பொண்டாட்டி, எம்பொண்ணு. மூணே பேரு.”

“பேரப்புள்ள வந்தா நாலு ஆவுமே.”

“அது மூணு கிலோதாம்ப்பா.”

அறிவரசன் சிரித்துவிட்டார். இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, முப்பதையே மாட்டினார்.

வளைகாப்பு முடிந்ததும் மீன்சுருட்டியில் மருமகன் ராஜேஷ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “மாமா, வண்டி எளந்தாரி ஆயிருச்சு” என்றான். அழகேசனுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. ஆனால் புறப்படும்போது சம்பந்தியம்மா முத்தாயி வழிமறித்தார். புள்ளத்தாச்சியோடு மூன்று பேராகப் போகக்கூடாது என்றார். டேஷ்போர்டில் இருக்கும் பெருமாளைத் தொட்டுக் கும்பிடாமல் சாவியைத் திருப்பாத அழகேசன், இதை எப்படி மறந்தாரோ தெரியவில்லை. முத்தாயி ஏறிக்கொண்டார். அவர் திரும்பி வருவதற்குத் துணையாக ராஜேஷும் முன்னால் ஏறினான். டிக்கியில் ஐந்து வகைச் சோறு, பாத்திரங்களோடு.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து ஒரு ‘கர்ர்’. அபிநயா வயிற்றில் ஒரு கையும் சீட்டில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்தாள். “பொண்ண அழைக்கப் போனீங்களா, மாவு அரைக்கப் போனீங்களா?” என்றாள் அவர் மனைவி மலர்கொடி.

ராஜேஷ் இறங்கிப் பார்த்தான். டயரின் ஓரம் சீவினாற்போல் இருந்தது. வண்டியில் கிடந்த வீல் கடை பில்லைப் பார்த்துப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சத்தம் போட்டான்.

அறிவரசனின் குரல் வந்தது.

“நான்தாங்க மாட்டுனேன். நம்பர் பாக்காமப் போட்டுட்டேன். தப்பு எம்மேலதான். மெதுவா போங்க, மாத்திக் குடுத்துடறேன்.”

அழகேசன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பாரம் குறையட்டும் என்று ராஜேஷும் முத்தாயியும் ஊர் திரும்பப் பஸ் ஏறினார்கள். போகுமுன் முத்தாயி சாலையோரத்தில் ஒரு கூழாங்கல்லைத் தேடியெடுத்து அபிநயா கையில் வைத்தார். “இத நாலாவது ஆளா வச்சுக்க ஆயி.”

“இத வூட்டுலயே செஞ்சிருக்கலாமே, சம்பந்தி” என்றாள் மலர்கொடி. எல்லோரும் சிரித்தார்கள், அழகேசனைத் தவிர.

மறுநாள் பெரம்பலூரில் அறிவரசன் நாற்பத்தைந்தை மாட்டினார்.

“ஏன் தம்பி அப்படிச் சொன்ன?”

“ஸ்பீக்கர்ல ஒரு பொண்ணு மூச்சு வாங்குறது கேட்டுச்சுங்க. அந்த நேரத்துல வண்டிக்குள்ள எதுக்கு சண்டன்னு...” மீதியைச் சொல்லாமல் நட்டுகளை முறுக்கினார்.

இரண்டு நாள் கழித்து, தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருந்த காலையில், வீல் அலைன்மென்ட் பற்றிக் கேட்கலாம் என்று அழகேசன் போனில் அந்தக் கடையைத் தேடினார். ஒற்றை நட்சத்திரம். கீழே ராஜேஷின் பெயர். ‘நம்பர்கூடப் பார்க்காத கடை. குடும்பத்தோடு போகிறவர்கள் இங்கே போகாதீர்கள்.’ பதினோரு பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். அதற்கும் கீழே அறிவரசன் ஒரே சொல் எழுதியிருந்தார்: ‘மன்னிக்கவும்.’

ஒருவர் நமக்காகச் சுமக்கும் பழியைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதை இறக்கிவைக்கும் வேலையைத் தெய்வம் நம் கையில் அல்லவா கொடுத்திருக்கிறது. அழகேசன் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

‘மாப்ள, அந்தத் தம்பி நாப்பத்தஞ்சுதான் சொன்னாரு. முப்பது கேட்டது நான். என் மானத்துக்காக அவரு பழிய ஏத்துக்கிட்டாரு. நீங்க எழுதினத எடுத்துடுங்க. எழுதியே ஆகணும்னா என் பேரப் போட்டு எழுதுங்க.’

ஒருமுறை படித்தார். அனுப்பினார். போனைச் சீட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி சக்கரங்களில் படிந்திருந்தது. ஈரத்துணியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி கம்பியாகத் துடைக்க ஆரம்பித்தார். மூன்றாவது சக்கரத்தில் இருந்தபோது உள்ளே போன் அதிர்ந்தது. அவர் துணியை அலசிப் பிழிந்துகொண்டு நான்காவதற்கு நகர்ந்தார்.