கால் வெளியே வராத பேன்ட்

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கி ஒரு வருஷமாகியிருந்தது. தப்பாக வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று அளந்ததையே அளந்துகொண்டிருப்பேன். படுத்தால் அன்றைக்கு வெட்டிய துணியெல்லாம் கண்முன் வந்து நிற்கும். பொட்டுத் தூக்கம் கிடையாது. கடைசியில் வெட்டும் வேலையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு மெஷினோடு ஒதுங்கிவிட்டேன்.

தையல் கடை எங்கள் இருவருடையது. அவளுக்கு வாய் ஓடுகிற அளவுக்குக் கத்தரி ஓடாது. அவள் வெட்டும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். ஆனால் எழுந்து போய் வாங்கத் தைரியம் வராது. என் தொழிலே என் கையைவிட்டுப் போகிறதே என்று அழுகையாக வரும்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்குத் தருவதாம், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும்கூட உதவுமாம்.

"ஆரம்பத்துல பகல்லயும் கொஞ்சம் தூக்கம் அசத்தும், பசி எடுக்கும். போகப் போகப் பழகிடும். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார்.

கொஞ்சமாம்! மறுநாள் காலையில் என் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்ததாக என் கணவர் சொன்னார். நான் பல் துலக்கிக்கொண்டே தூங்கினேன். பசியைக் கேட்கவே வேண்டாம். என் ரவிக்கையை நானே பிரித்துத் தளர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அண்ணி, அந்த ஊசியக் கீழ வைங்க. கண்ணக் குத்திக்கப் போறீங்க" என்று நாத்தனார் அவ்வப்போது என்னை உலுக்குவாள்.

அந்த வாரம்தான் பஸ் டிரைவர் ஒருவர் தைக்கக் கொடுத்திருந்த சீருடை பேன்டை வாங்க வந்தார். போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போனார். குதிக்கிற சத்தம், பிறகு தொப்பென்று விழுகிற சத்தம்.

"ஏம்மா, கால் உள்ள போச்சு. வெளிய எப்படி வரும்?"

பார்த்தால், கீழ் மடிப்பில் முன்துணியையும் பின்துணியையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன். ஒரு கால் இல்லை, இரண்டு காலும். இம்மி பிசகாத நேர்த்தி வேறு.

"நான் பஸ் ஓட்டணுமா, சாக்குப் போட்டில ஓடணுமா?" என்றார் டிரைவர், துணிக் குவியலில் உட்கார்ந்தபடியே.

நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் படபடப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். இத்தனை நாள் நான் பயந்த தப்பு, என் கையாலேயே, வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே நடந்துவிட்டது. நெஞ்சு பேசாமல் இருந்தது. சிரிப்புதான் வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே தையலைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தேன்.

அவர் போன பிறகு, "இனிமே அந்த மாத்திர வேண்டாம்டி. அடுத்து யாரோட கழுத்தச் சேத்துத் தைப்பேனோ" என்றேன்.

"நீங்களா நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல? அவரையே கேளுங்க" என்று ஃபோனைக் கையில் திணித்தாள்.

படுக்கும்போது போடும் மாத்திரையைச் சாயங்காலமே போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அதன் பிறகு காலை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தூக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. விடிந்ததும் கண் விழிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பதையே மறந்திருந்தேன்.

சில வாரம் கழித்து அதே டிரைவர் சட்டைத் துணியோடு வந்தார்.

"அன்னிக்குத் தச்சவங்களே தைக்கட்டும்மா. டிப்போவுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்."

நாத்தனார் வழக்கம்போல் கத்தரிக்கோலை எடுத்தாள். நான் கை நீட்டினேன். பிடி என் பக்கம் வரும்படி திருப்பிக் கொடுத்தாள்.

துணியை விரித்தேன். அளந்தேன், கோடு போட்டேன். நெஞ்சு லேசாக ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. கத்தரி சரசரவென்று கோட்டின் மேலேயே ஓடியது.

"அண்ணி, மறுபடி அளக்கவே இல்லையே!" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பசிக்குதுடி" என்றேன். "சீக்கிரம் வெட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்."