பதினோராம் படுக்கையின் நாடி

பதினோராம் படுக்கையிலிருந்த பஸ் டிரைவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் இறந்துபோனார். ஆனாலும் அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் வரை அவருடைய நாடி நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தடவை தவறாமல் அடித்தது, தாளில் அப்படி எழுதியிருந்தபடியால். எழுதியவள் நர்சிங் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்த பெண். நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்ததால் விடுதியில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்ததும் குச்சி என்று சுருக்கிக்கொண்டார்கள்.

கடைசி ஆண்டில் ஒவ்வொருத்தியும் ஒரே நோயாளியை இருபத்தொரு நாள் கவனித்து, காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு என மூன்று வேளையும் நாடியும் சூடும் குறித்து, அதை நோட்டாகத் தைத்துப் பேராசிரியையிடம் கொடுக்க வேண்டும். நடுவில் நோயாளி வீட்டுக்குப் போனாலும் கண்ணை மூடினாலும் வேறொருவரோடு முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தேதி தப்பினால் ஒரு வருஷம் போச்சு. அதனால் விடுதியில் அக்காமார் தங்கைமாருக்குச் சொல்லிக்கொடுத்துவந்த ஒரு வழி இருந்தது. அதற்கு ‘நேத்து நாடி’ என்று பெயர். கையைத் தொட நேரமில்லாத நாளில் நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கும் எழுதிவிடுவது. கட்டில் விரிப்பை இழுத்துச் செருகுவதைப் போல அதையும் ஒரு வேலையாகவே எல்லோரும் செய்தார்கள். செய்யாத ஒரே ஆள் பேராசிரியைதான் என்று பேச்சு. கீழ்த்தளத்தில் மூன்றாம் படுக்கையில் ஓர் அம்மாள் இருந்தார். கட்டிடத்துக்குக் கடைசியாக வெள்ளையடித்ததற்கு முன்பிருந்தே இருந்தார். எதற்காகச் சேர்த்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. பேராசிரியை முப்பத்தொரு வருஷமாக, விடுமுறை நாளிலும் காலை எட்டு மணிக்கு வந்து, வார்டு வாசலில் நின்றபடியே அந்த அம்மாளின் தாளில் நாடியை எழுதிவிட்டு வகுப்புக்குப் போவார். என்ன பக்தி என்று மாணவிகள் வியந்துகொள்வார்கள்.

குச்சியின் ஆறாம் நாள் அந்தச் செவ்வாய். அன்று அவள் கண்விழிக்கவே தாமதமாகிவிட்டது. டிரைவர் வாயை லேசாகத் திறந்து கிடந்தார். பாவம், தூங்கட்டும் என்று நினைத்தாள். அந்த இரக்கம் பொய்யில்லை, அதற்குள் சோம்பலும் கலந்திருந்ததுதான் குறை. எழுபத்திரண்டு என்று எழுதினாள். எழுதி முடித்ததும் டிரைவர் கண்ணைத் திறந்து, மணி என்ன என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் உடம்பைப்போல ஒழுங்கான உடம்பு அந்த மருத்துவமனையில் இருக்கவில்லை. மாடிப்படி ஏறினாலும் எழுபத்திரண்டு, இருமினாலும் எழுபத்திரண்டு. சவரம் செய்ய வந்தவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, செவ்வாய்க்குப் பிறகு ஒரு முடிகூட முளைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டாக்டர் தாளைப் பார்த்துப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் இல்லை என்பார்கள்; பொய் எழுதிய கைக்குப் பேராசிரியை சிவப்பு மையில் ‘மிக நன்று’ போட்டார்.

பதினைந்தாம் நாள் வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் கைதவறிப் பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் காய்ச்சலை, நூற்றிரண்டை, டிரைவர் தாளில் எழுதிவிட்டாள். பேனாவை எடுப்பதற்குள் டிரைவரின் முகம் சிவந்து பல் கிட்டியது. அடித்துவிட்டுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதியதும் நெற்றி ஆறியது. அன்று இரண்டு மணிக்கு, எழுதுவதற்கு முன், அந்தச் செவ்வாய்க்குப் பிறகு முதல்முறையாக அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கட்டில் கம்பியைப் பிடித்ததுபோல இருந்தது. கடிகாரத்தில் முள் ஒரு முழு வட்டம் சுற்றியது. விரலுக்கடியில் ஒன்றும் அசையவில்லை. இடது கையால் எழுபத்திரண்டு என்று கிறுக்கினாள். உடனே விரலுக்கடியில் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியது, கூப்பிட்டதும் எழுந்து வருகிற வேலைக்காரனைப் போல.

மறுநாள் காலை ஆறுக்கும் பத்துக்கும் பயத்திலேயே எழுதினாள். எழுதினால் பொய், எழுதாவிட்டால் கொலை என்று தோன்றியது. இன்னும் ஐந்தே நாள். இந்த வருஷம் மகள் வெள்ளைத் தொப்பி போடுவாள் என்று அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். கடைசியில் யாரிடமும் கேட்க முடியாததை அவரிடமே கேட்டாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று.

“நான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போச்சு கண்ணு,” என்றார் டிரைவர். “செவ்வாய்க்கிழமையே. மணி அடிக்கிறவங்க அடிச்சாத்தானே வண்டியை நிறுத்த முடியும்? ஓட்டிக்கிட்டே இருக்கேன்.” பிறகு அவள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். “உனக்கு இன்னும் எத்தனை நாள்?”

ஐந்து என்று சொன்னாள்.

“சரி, அதுவரைக்கும் ஓட்டுறேன். படிக்கிற பிள்ளை. ஆனா பிடிச்சு உட்கார்ந்துக்கோ, ரோடு சரியில்ல.”

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். துணி வைக்கிற அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடவுளே என்பதற்கு மேல் அவளுக்கு ஜெபம் வரவில்லை. அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மதியம் டிரைவரின் மகள் வழக்கம்போல ஃபிளாஸ்கில் பால் கொண்டுவந்தாள். குச்சி அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். மகள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“எனக்கு அப்பவே சந்தேகம் சிஸ்டர். செவ்வாய்க்கிழமைல இருந்து அப்பா என்னை ஒருதரம்கூடத் திட்டலை. பால்ல சக்கரை இல்லாமக் குடுத்துப் பார்த்தேன். நல்லாருக்குன்னார்.” ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, “பரவால்ல, பத்து நாள் கூடக் கிடைச்சுது. இப்ப அவரை விட்டுடுங்க,” என்றாள்.

மகள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். குச்சி மறு கையைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். இரண்டு மணிக் கட்டத்தில், நாடி இல்லை என்று எழுதினாள். பிறகு பொய்யாய் எழுதிய முப்பத்திரண்டு எண்களையும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பின்னால் போனாள். ஒவ்வொரு கோட்டுக்கும் டிரைவரின் வலது பாதம் போர்வைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தியது. செவ்வாய்க்கிழமை ஆறு மணியை அடித்தபோது, உட்கார்ந்திருக்கிற பயணி ஒருவர்கூடக் குலுங்காதபடி, அவர் நின்றார்.

நோட்டை அன்றே பேராசிரியையின் மேஜையில் வைத்தாள். அவர் கோடு போட்ட பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியாகவாவது தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டார்.

“ஒரு முழு நிமிஷம் மேடம்.”

“எப்படி இருந்துச்சு?”

“குளிர்ச்சியா இருந்துச்சு. தொடுறவரைக்கும்தான் மேடம் பயம்.”

பேராசிரியை ‘மிக நன்று’ என்பதை அடித்துவிட்டு, மறு ஆண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து கோணலாக இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வார்டு வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மூன்றாம் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முப்பத்தொரு வருஷம் கழித்து அந்த அம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அம்மாள் திரும்பிப் பார்த்து, இதற்குத்தானா இவ்வளவு நேரம் என்பதுபோலச் சிரித்தார். ஒரு நிமிடத்துக்குப் பிறகு அங்கே சுருக்கமில்லாத விரிப்பு மட்டும் இருந்தது.

அந்த மாதம் மற்ற மாணவிகளும் கையைத் தொட்டுப் பார்த்தே எழுத, மருத்துவமனையில் பதினான்கு படுக்கைகள் காலியாயின. வெளுக்கப் போட்ட துணி குறைந்ததைச் சலவைக்காரர் குறித்துக்கொண்டார். வேறு யாரும் காரணம் கேட்கவில்லை. குச்சி ஒரு வருஷம் தாமதமாகத் தொப்பி போட்டாள். அவள் அம்மா தெருவில் அதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பதினோராம் படுக்கையில் இப்போதும் யார் படுத்தாலும் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பஸ் மணி ஒருதரம் அடிப்பது கேட்கிறது. கேட்டவர்கள் கண்ணைத் திறக்காமலே போர்வைக்கு வெளியே கையை நீட்டுகிறார்கள். யாராவது வந்து பிடித்துக்கொள்கிறார்கள்.